சக்கரத்துக்கு மூன்று நட்டு

இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். சாவகாசமாக உட்கார்ந்து படியுங்கள்.

ஒரு கேள்வியோடு ஆரம்பிக்கிறேன். முப்பது வருசத்துக்கு மேல் கரும்பலகை முன்னால் நின்றவனுக்கு அந்தப் பழக்கம் போகாது. ஒரு காரின் சக்கரத்தைக் கழற்ற எத்தனை நட்டுகளைத் திருக வேண்டும்? நான்கு என்பீர்கள். பெரிய வண்டி வைத்திருப்பவர்கள் ஐந்து என்பார்கள். க்விட் கார் வைத்திருப்பவரைக் கேட்டுப் பாருங்கள், மூன்று என்பார்.

ராஜபாளையத்தில் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் என் பழைய மாணவன் ஒருவன்தான் இதை எனக்குக் காட்டினான். "சார், பிரெஞ்சுக்காரன் ஒரு நட்டைச் சுருட்டிட்டான் பாருங்க" என்று சிரித்தான். எனக்கு வடிவியல் பாடம் ஞாபகம் வந்தது. ஒரே நேர்கோட்டில் இல்லாத மூன்று புள்ளிகள் இருந்தால் ஒரு தளம் அமைந்துவிடும். அதனால்தான் முக்காலி எந்த மேடுபள்ளத்திலும் ஆடாமல் நிற்கிறது, நாற்காலி ஆடுகிறது. சக்கரம் ஒட்டி உட்கார மூன்று நட்டே போதும். அதற்கு மேல் போடுவதெல்லாம் எடையைப் பகிர்ந்துகொள்ளவும், ஒன்று தளர்ந்தால் மற்றவை தாங்கவும்தான். வண்டியின் எடையையே குறைத்துவிட்டால் நான்காவது நட்டு எதற்கு? ஒரு காருக்கு நான்கு நட்டு மிச்சம். லட்சம் காருக்கு நான்கு லட்சம் நட்டு மிச்சம், அவற்றை முடுக்கும் நேரமும் மிச்சம்.

இப்படி ஒவ்வொன்றாகக் கேட்டுக் கேட்டு ஒரு காரைச் செய்த குழுவின் தலைவர் ஜெரார் டெதூர்பே என்ற பிரெஞ்சுக்காரர். செய்த இடம் பாரிஸ் இல்லை, நம்ம சென்னை. அவரைப் பற்றித் தமிழில் யாரும் எழுதி நான் பார்த்ததில்லை. அதனால்தான் இந்தப் பதிவு.

முதலில் ஒரு சின்ன விளக்கம். அவர் வேலை பார்த்த நிறுவனத்தை நம்மவர்கள் எழுத்தைப் பார்த்து ரெனால்ட் என்கிறார்கள். பிரெஞ்சில் அது ரெனோ. கடைசி இரண்டு எழுத்தையும் அவர்கள் வாயில் போடுவதில்லை. நான் ரெனோ என்றே எழுதுகிறேன். இன்னொன்று, கார் வடிவமைப்பாளர் என்றதும் பென்சிலை வைத்துக்கொண்டு வளைவு நெளிவாகப் படம் போடுகிறவர் என்று நினைத்துவிட வேண்டாம். அவர்களும் உண்டு. நான் சொல்லப்போகிறவர்கள் எதை வைப்பது, எதை விடுவது என்று முடிவு செய்கிறவர்கள். கல்யாணச் சமையலில் தலைமைப் பண்டாரி செய்கிற வேலை அது.

இந்த மூன்று நட்டு பிரெஞ்சுக்காரர்களுக்குப் புதுசும் இல்லை. அதன் பூர்வீகத்தைக் கொஞ்சம் பார்த்துவிட்டு வருவோம்.

ஆந்த்ரே லெஃபெவ்ர் என்று ஒருவர். 1894-ல் பிறந்தவர். விமானப் பொறியியல் படித்துவிட்டு, வுவாசேன் என்ற விமானக் கம்பெனியில் சேர்ந்தார். முதல் உலகப் போர் முடிந்ததும் விமானத்துக்கு ஆள் இல்லை, கம்பெனி கார் செய்ய ஆரம்பித்தது. லெஃபெவ்ரும் கார் பக்கம் வந்துவிட்டார். தான் வடிவமைத்த பந்தயக் காரைத் தானே ஓட்டி 1923 பிரெஞ்சு கிராண்ட் பிரீயில் ஐந்தாவதாக வந்தவர். விமானம் செய்தவனுக்கு எடைதான் முதல் எதிரி. கிலோ கூடினால் மேலே எழும்பாது. அந்தப் புத்தியோடு அவர் 1933-ல் சித்ரோயன் கம்பெனிக்குப் போனார்.

ஒரே வருடத்தில், 1934-ல், டிராக்சியோன் அவான் என்ற கார் வந்தது. பெயருக்குப் பொருள் முன்சக்கர இழுவை. அதுவரை பெரும்பாலான கார்களில் எஞ்சின் முன்னால் இருக்கும், சுழற்றுவது பின்சக்கரத்தை. இதில் முன்சக்கரமே வண்டியை இழுத்தது. ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். ஆடிப்பூரத் தேரை வடம் பிடித்து முன்னால் இழுத்தால் இழுத்த திசைக்கு வரும். பின்னாலிருந்து நெம்பினால் நகரும், ஆனால் எந்தப் பக்கம் திரும்பும் என்று முட்டுக்கட்டை போடுகிறவருக்குத்தான் தெரியும். அந்தக் காரில் இன்னொரு மாற்றமும் இருந்தது. மாட்டு வண்டிக்குக் கீழே கனமான அடிச்சட்டம் இருப்பது போலத்தான் அந்தக்காலக் கார்களுக்கும் இருந்தது. டிராக்சியோனில் அது இல்லை. உடம்புக் கூடே எலும்பு. முட்டை ஓடு எவ்வளவு மெல்லிசு, ஆனால் உள்ளங்கையில் வைத்துச் சீராக அழுத்தினால் உடையாது, அந்தத் தத்துவம். நம் நாட்டில் முன்சக்கர இழுவைக் கார் பரவலானது 1983 டிசம்பரில் மாருதி 800 வந்த பிறகுதான். அம்பாசிடரும் பத்மினியும் கடைசிவரை பின்சக்கரத்தால்தான் ஓடின. ஐம்பது வருட இடைவெளி!

அந்தக் காருக்குக் கொட்டிய பணத்தில் சித்ரோயன் முதலாளி திவாலாகி, கம்பெனி மிஷ்லேன் டயர்க்காரர்கள் கைக்குப் போனது. அடுத்த வருடமே, 1935-ல், அவர் இறந்தும் போனார். புது நிர்வாகத்தில் வந்த பியர் பூலான்ஷே என்பவர்தான் லெஃபெவ்ரிடம் அந்தப் புகழ்பெற்ற கோரிக்கையை வைத்தார். மரச் செருப்பு போட்ட இரண்டு விவசாயிகள், ஐம்பது கிலோ உருளைக்கிழங்கு, அறுபது கிலோமீட்டர் வேகம், நூறு கிலோமீட்டருக்கு மூன்று லிட்டர் பெட்ரோல். கூடை நிறைய முட்டையை வைத்து உழுத வயலுக்குள் ஓட்டினால் ஒரு முட்டைகூட உடையக் கூடாது. இதை நம்ம ஊருக்கு மாற்றினால் எப்படி இருக்கும்? சேத்தூர்ப் பக்கத்துத் தோப்பிலிருந்து ஒரு கூடை சப்பட்டை மாம்பழத்தை வரப்பு வழியாகவே ஏற்றிக்கொண்டு வந்து ராஜபாளையம் கமிஷன் கடையில் இறக்க வேண்டும், ஒரு பழம் கன்றக் கூடாது. அப்படி ஒரு கார் நமக்கு யாரும் யோசிக்கவில்லை. நம் விவசாயிக்கு வந்தது டிராக்டர், அப்புறம் மொபெட்.

சோதனைக்காகச் செய்த வண்டிகள் தயாரான நேரத்தில் இரண்டாம் உலகப் போர் வந்தது. ஜெர்மானியர் கையில் சிக்கக் கூடாதென்று பெரும்பாலானவற்றை அழித்தார்கள், சிலவற்றை ஒளித்தார்கள். அப்படி வைக்கோல் பரணில் ஒளித்த மூன்று வண்டிகள் 1990களில்தான் வெளியே வந்தன. போர் முடிந்து, 1948 அக்டோபரில் பாரிஸ் கண்காட்சியில் அந்தக் காரைத் திறந்து காட்டியதும் பத்திரிகைக்காரர்கள் சிரித்தார்கள். தகர டப்பா மாதிரி இருக்கிறதே, திறக்க ஒரு கருவி கொடுப்பீர்களா என்று ஒருவர் கேட்டாராம். 375 சிசி எஞ்சின், ஒன்பது குதிரைச் சக்தி. ரேடியேட்டர் கிடையாது, காற்றே குளிர்விக்கும். கூரை வெறும் கான்வாஸ். வைப்பரை ஓட்டத் தனி மோட்டார் இல்லை, ஸ்பீடாமீட்டர் ஒயரிலிருந்தே அதற்கும் சுழற்சி. வண்டி வேகமாகப் போனால் வைப்பர் வேகமாக ஆடும், மெதுவாகப் போனால் மெதுவாக ஆடும். சக்கரத்துக்கு மூன்று நட்டு.

சிரித்தவர்கள் ஒரு பக்கம் இருக்க, வாங்க வருடக்கணக்கில் காத்திருந்தார்கள். து ஷெவோ, இரண்டு குதிரை என்று பெயர். 1990 வரை ஓடிய உற்பத்தியில் முப்பத்தெட்டு லட்சத்துக்கு மேல் விற்றது. இதே லெஃபெவ்ர் 1955-ல் டிஎஸ் என்ற உயர்ரகக் காரையும் கொண்டுவந்தார். கண்காட்சியின் முதல் நாளிலேயே பன்னிரண்டாயிரம் பேர் பதிவு செய்தார்கள் என்பது இன்றும் பேசப்படும் செய்தி. அதன் சக்கரத்துக்கு முதலில் ஒரே ஒரு நட்டுதான், நடுவில்! மனுசனுக்கு நட்டு மேல் என்ன கோபமோ. அவர் 1964-ல் காலமானார். கோரிக்கை வைத்த பூலான்ஷே அதற்கு முன்பே, 1950-ல், சோதனைக் கார் ஒன்றை ஓட்டிப் போன விபத்தில் இறந்துவிட்டார். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி நம்ம சென்னைக்காரர்.

டெதூர்பே 1971-ல் ரெனோவில் சேர்ந்தவர். நாற்பது வருடம் ஒரே கம்பெனி. அவர் பெயர் வெளியே தெரிந்தது லோகன் காரால். அந்தக் கதை 1997-ல் தொடங்குகிறது. ரெனோவின் தலைவர் லூயி ஷ்வைட்சர் ரஷ்யா போயிருந்தார். அங்கே பழைய லாடா கார் ஆறாயிரம் டாலருக்கு அமோகமாக விற்கிறது, ரெனோவின் கார்களைச் சீண்ட ஆள் இல்லை. திரும்பி வந்து, எனக்கும் ஆறாயிரம் டாலரில் ஒரு கார் வேண்டும், நவீனமாக, நம்பகமாக இருக்க வேண்டும் என்றார். 1999-ல் ருமேனியாவின் டாச்சியா கம்பெனியை வாங்கினார்கள். 2004-ல் லோகன் வந்தது. முன் கண்ணாடி கிட்டத்தட்டத் தட்டை, ஏனென்றால் வளைத்தால் காசு. இரண்டு பக்கக் கண்ணாடிகளும் ஒரே அச்சு, வலது இடது வித்தியாசம் கிடையாது. டேஷ்போர்டு ஒரே வார்ப்பு. இந்த லோகன் குடும்பம் முழுவதும் பின்னர் டெதூர்பே பொறுப்பில் வந்தது. சாண்டெரோ, டஸ்டர் எல்லாம் அந்தக் குடும்பத்துப் பிள்ளைகள்தான்.

லோகன் இந்தியாவுக்கும் வந்தது. 2007-ல் மஹிந்திராவோடு கூட்டு, நாசிக்கில் உற்பத்தி. எடுபடவில்லை. நான்கு மீட்டருக்குள் அடங்கும் சின்னக் கார்களுக்கு இங்கே அப்போது கலால் வரி குறைவாக இருந்தது. லோகனோ நான்கே கால் மீட்டர். ஒரு சாண் இரண்டு சாண் நீளத்துக்காக விலை ஏறியது. அதுகூடப் பரவாயில்லை, பார்க்கவும் சாதாரணமாக இருந்தது. டாக்சிக்காரர்கள் வாங்கினார்கள். டாக்சிக்குப் போன வண்டியை வீட்டு வாசலில் நிறுத்த நம்மவர்களுக்கு மனசு வருமா? 2010-ல் ரெனோ அந்தக் கூட்டிலிருந்து விலகியது. ருமேனியாவிலும் ரஷ்யாவிலும் பிரான்சிலும்கூடச் சக்கைபோடு போட்ட கார் இங்கே தோற்றது. ஓர் ஊரின் சிக்கனம் இன்னோர் ஊருக்குச் சிக்கனமாகாது என்பதை அந்தக் கம்பெனி பெரிய விலை கொடுத்துத் தெரிந்துகொண்டது.

அதே 2010-ல் ஓரகடத்தில் ரெனோவும் நிசானும் சேர்ந்து கட்டிய ஆலை திறக்கப்பட்டது. வருடத்துக்கு நான்கு லட்சம் கார் செய்யக்கூடிய ஆலை. அதை ஓட்ட ஒரு கார் வேண்டும். மாருதி ஆல்ட்டோவோடு விலையில் நேருக்கு நேர் மோதக்கூடிய கார். தலைவர் கார்லோஸ் கோன் அந்தப் பொறுப்பை டெதூர்பேயிடம் கொடுத்தார்.

அப்போது அவருக்கு 65 வயதை ஒட்டி. நாங்களெல்லாம் 58-ல் மாலையும் சால்வையும் வாங்கிக்கொண்டு, ஸ்கூட்டரில் பின்னால் யாராவது உட்கார்ந்து அந்த மாலையைப் பிடித்துக்கொள்ள, வீடு வந்து சேர்ந்தோம். இவர் அந்த வயதில் சென்னைக்குக் குடிவந்து, வெயிலில், வெள்ளைத்தாளில் புதிதாக ஒரு காரை ஆரம்பிக்கிறார். அந்தப் படிப்பு எனக்குப் பொறாமையாகத்தான் இருந்தது.

அவர் போட்ட முக்கியமான நிபந்தனை, முடிவுகள் இங்கேயே எடுக்கப்பட வேண்டும் என்பது. பாரிஸிலும் யோகஹாமாவிலும் இருந்த பெரிய பெரிய துறைகளின் கையெழுத்துக்குக் காத்திருக்கவில்லை. சென்னையில் தனிக் குழு, அது நேரே கோனுக்கு மட்டும் பதில் சொல்லும். பள்ளிக்கூடத்தில் ஒரு சாக்பீஸ் பெட்டி வாங்க எத்தனை மேசைக்குக் காகிதம் போக வேண்டும் என்று தெரிந்தவர்களுக்கு இதன் அருமை புரியும். காருக்கு மட்டுமல்ல, எஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் சேர்த்தே புது வடிவம். பழைய மாடலின் பாகத்தை எடுத்துப் பொருத்தினால் மலிவு என்றுதான் நாம் நினைப்போம். பழைய பாகம் பழைய காரின் எடைக்கும் ஐரோப்பாவின் வழக்கத்துக்கும் செய்யப்பட்டது. அதைக் கொண்டுவந்தால் அதன் விலையும் கூடவே வரும். கதவுக் கைப்பிடியிலிருந்து கிளட்ச் வரை ஒவ்வொன்றையும், இந்த விலைக்குள் இது எப்படி முடியும் என்று முதலிலேயே விலையை எழுதி வைத்துவிட்டு, அதற்கேற்ப வரைந்தார்கள். இந்திய உதிரிபாகக் கம்பெனிகளை வரைபட நிலையிலேயே கூட உட்கார வைத்தார்கள். கார் விற்பனைக்கு வந்தபோது அதன் பாகங்களில் 98 சதவீதம் இந்தியாவில் செய்யப்பட்டவை என்று கம்பெனி சொன்னது.

2015 மே 20 அன்று சென்னையில் வைத்து க்விட் காரைக் கோன் அறிமுகம் செய்தார். செப்டம்பரில் விற்பனை. டெல்லி ஷோரூம் விலை இரண்டு லட்சத்து ஐம்பத்தாறாயிரத்துச் சொச்சம். 799 சிசி, மூன்று சிலிண்டர், எடை 660 கிலோ. அம்பாசிடர் ஒரு டன்னுக்கு மேல், அதோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். ஒற்றை வைப்பர். முன் ஜன்னல் ஏற்றி இறக்கும் பொத்தான்களைக் கதவில் வைக்காமல் நடு டேஷ்போர்டில் வைத்தார்கள், கதவுக்குள் ஓட வேண்டிய ஒயர் மிச்சம். சக்கரத்துக்கு மூன்று நட்டு.

இதில் என்ன அதிசயம், இதையெல்லாம் 2009-லேயே டாடா நானோ செய்துவிட்டதே என்று கேட்பவர்கள் இருப்பீர்கள். சரியான கேள்வி. நானோவிலும் மூன்று நட்டு, ஒற்றை வைப்பர். நானோ நல்ல பொறியியல், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் "ஒரு லட்ச ரூபாய்க் கார்" என்று உலகம் முழுக்கப் பேர் எடுத்துவிட்டது. பேரே பேராபத்தாக முடிந்தது. டெதூர்பே குழு வேறு கணக்குப் போட்டது. மனிதர்கள் எதை விட்டுக்கொடுப்பார்கள், எதை விட்டுக்கொடுக்க மாட்டார்கள்? நட்டை யாரும் எண்ணப் போவதில்லை. வைப்பர் ஒன்றானாலும் மழைத் தண்ணீர் போனால் சரி. ஆனால் வண்டி நிமிர்ந்து நிற்க வேண்டும், பார்க்க ஜீப் மாதிரி இருக்க வேண்டும். தரையிலிருந்து 180 மில்லிமீட்டர் உயரம். அய்யனார் கோவில் பாதையிலும் அடிபடாமல் போகலாம். டிக்கி 300 லிட்டர். உயர் ரகத்தில் ஏழு அங்குலத் தொடுதிரை, அந்த விலைக் கார்களில் அதுவரை இல்லாதது. மிச்சம் பிடித்த காசைக் கண்ணில் படும் இடத்தில் செலவழித்தார்கள்.

நம்ம பக்கத்தில் கார் வாங்குவது போக்குவரத்துக்கு மட்டுமா? பெண் பார்க்கப் போக, குலதெய்வம் கும்பிடப் போக, மொய் எழுதப் போகும்போது மண்டப வாசலில் இறங்க. மில் வேலைக்கு டி.வி.எஸ். ஐம்பதில் போய்க்கொண்டிருந்த குடும்பம் முதன்முதலாக நாலு சக்கரம் வாங்கும்போது அது ஏழைக்கான வண்டியாகத் தெரியக் கூடாது. இதை நமக்கு நாமே சொல்லிக்கொள்ளக் கூச்சப்படுவோம். பிரெஞ்சுக்காரர் கூச்சப்படாமல் கணக்கில் எடுத்துக்கொண்டார். ஒரு வருடம் கழிந்த சிறிது காலத்திலேயே லட்சம் க்விட் விற்றது.

இதுவரை நான் எழுதியது பாராட்டு. இனி எழுதப்போவதையும் எழுதாவிட்டால் பாதிக் கதையைத்தான் சொன்னதாகும்.

2016 மே மாதம் குளோபல் என்கேப் என்ற அமைப்பு க்விட்டை மோதிப் பார்த்தது. மணிக்கு 64 கிலோமீட்டர் வேகத்தில், முகப்பின் ஒரு பாதி மட்டும் தடுப்பில் படும்படி மோதுவார்கள். எதிரே வரும் வண்டி கொஞ்சம் நம் பக்கம் ஏறி வந்து இடிப்பது போல. பெரியவர்கள் பாதுகாப்புக்கு க்விட் வாங்கிய நட்சத்திரம் பூஜ்யம். ஒரு ரகம் இல்லை, சோதித்த மூன்று ரகத்துக்கும் பூஜ்யம். நியாயமாக இதையும் சொல்லிவிடுகிறேன், அதே சுற்றில் சோதித்த மாருதி, மஹிந்திரா, ஹூண்டாய் கார்களும் பூஜ்யம்தான் வாங்கின. வகுப்பே ஃபெயில். விற்பனைக்கு வந்த நேரத்தில் ஓட்டுநருக்கான ஒரே ஒரு காற்றுப்பைகூட உச்ச ரகத்தில் தனியாகக் கேட்டு வாங்கினால்தான். அதே செப்டம்பரில் காற்றுப்பையோடு மறுபடி சோதித்தபோது ஒரு நட்சத்திரம் கிடைத்தது.

அடுத்த வருடம், 2017-ல், அதே க்விட்டைப் பிரேசிலில் செய்து விற்றார்கள். அங்கே எந்த ரகம் வாங்கினாலும் நான்கு காற்றுப்பை. கூட்டைப் பலப்படுத்தியதிலும் மற்றதிலும் எடை நூறு கிலோவுக்கு மேல் கூடியது. லத்தீன் அமெரிக்கச் சோதனையில் மூன்று நட்சத்திரம் வாங்கியது. அதே பேர், அதே முகம், மூன்று மடங்கு மதிப்பெண்!

ஆக, முடியாமல் இல்லை. பிரேசில் சட்டம் 2014-லிருந்தே எல்லாப் புதுக் காருக்கும் முன் காற்றுப்பைகளும் ஏபிஎஸ் பிரேக்கும் கேட்டது. நம் சட்டம் அப்போது கேட்கவில்லை. மோதல் சோதனை விதி இங்கே புது மாடல்களுக்கு வந்தது 2017 அக்டோபரில். ஓட்டுநர் காற்றுப்பை கட்டாயமானது 2019 ஜூலையில். பக்கத்து இருக்கைக்கு 2021-ல். வாங்குகிறவர்களும் கேட்கவில்லை. எங்கள் தெருவுக்கு முதல் க்விட் வந்த அன்று பெரியவர் சிறியவர் எல்லாரும் தொடுதிரையைத்தான் தொட்டுப் பார்த்தார்கள். பை இருக்கிறதா என்று யாரும் கேட்டு என் காதில் விழவில்லை. மனிதர்கள் எதை விட்டுக்கொடுப்பார்கள் என்ற கணக்கு துல்லியமான கணக்குத்தான், ஆனால் அந்தப் பட்டியலில் நட்டுக்கும் வைப்பருக்கும் பக்கத்தில் நெஞ்சுக்கூடும் சேர்ந்துவிட்டது. நட்டைக் குறைத்ததை நான் கெட்டிக்காரத்தனம் என்பேன். இதை அப்படிச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வண்டிக்கு மேல் சில ஆயிரம் ரூபாய் கூடியிருந்தால் ஆல்ட்டோவிடம் தோற்றிருப்பார்கள் என்று வாதம் செய்யலாம். இருக்கட்டும். அந்தக் கணக்குக்கு விடை சொல்ல வேண்டியது கார் செய்தவர் மட்டும் இல்லை, விதி எழுத வேண்டியவர்களும்தான்.

ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் வழியாகக் கிருஷ்ணன்கோவில் வரைக்கும் ராத்திரி ஒருமுறை வந்து பாருங்கள். கேரளா போகிற லாரி, சிமெண்ட் லாரி, மில் பஸ், விளக்கில்லாத டிராக்டர். நடுவில் ஐந்து பேர் காரில் எட்டுப் பேர், மடியில் குழந்தை, பெல்ட் யாரும் போடவில்லை. 64 கிலோமீட்டர் வேகம் என்பது அந்தச் சாலையில் மெதுவாகப் போகிறவரின் வேகம்.

டெதூர்பே இதோடு ஓயவில்லை. க்விட்டின் அடித்தளத்தில் மின்சாரக் கார் ஒன்றைச் செய்யச் சீனா போனார். அங்கே டோங்ஃபெங் கம்பெனியோடு சேர்ந்து செய்த வண்டி 2019-ல் விற்பனைக்கு வந்தது. அந்த டிசம்பரில் அவர் காலமானார், வயது 73. வேலையிலிருந்து ஓய்வு என்று உட்கார்ந்ததாகவே தெரியவில்லை.

அவர் பார்க்காமல் போன ஒரு காட்சி உண்டு. அந்தச் சீனத்து மின்சார வண்டி டாச்சியா ஸ்பிரிங் என்ற பெயரில் 2021-ல் ஐரோப்பாவுக்குப் போனது. அங்கே மலிவான மின்சாரக் கார்களில் ஒன்று. பாரிஸ் தெருக்களிலும் ஓடுகிறது. சென்னையில் இந்தியாவுக்கென்று வரைந்த காரின் வாரிசு, பிரெஞ்சுக்காரர்கள் கையில்! ஐரோப்பியச் சோதனையில் அதற்குக் கிடைத்தது ஒரு நட்சத்திரம். அங்கத்திய பத்திரிகைகள் அதைப் பெரிய செய்தியாகப் போட்டன.

இங்கே 2025 ஏப்ரலில் ரெனோ சென்னையில் ஒரு வடிவமைப்பு மையம் திறந்திருக்கிறது. பிரான்சுக்கு வெளியே அவர்களுக்கு இதுதான் பெரியது என்கிறார்கள். லெஃபெவ்ர் வேலை பார்த்த சித்ரோயனும் இப்போது திருவள்ளூரில் கார் செய்கிறது. இனி அந்த மேசைகளில் உட்கார்ந்து வரையப்போவது நம் பிள்ளைகள்.

என்னிடம் படித்தவர்களில் ஐ.டி.ஐ., பாலிடெக்னிக் முடித்து ஓரகடத்துக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் போனவர்கள் நிறையப் பேர். 2012-லிருந்து 2015 வரை மறைமலைநகர்ப் பக்கத்து ரெனோ தொழில்நுட்ப மையத்திலோ, க்விட்டுக்குப் பாகம் செய்து கொடுத்த கம்பெனிகளிலோ இருந்தவர்கள் இதைப் படித்தால் ஒரு வரி எழுதுங்கப்பா. அந்தக் கிழவர் நேரில் எப்படி, உங்களிடம் என்னென்ன கேட்டார், நம்ம சாப்பாடு அவருக்குச் சேர்ந்ததா என்று தெரிந்துகொள்ள ஆசை. அந்த நான்காவது நட்டு வேண்டாமென்று முதலில் சொன்னது யார் என்றும் தெரிந்தால் சொல்லுங்கள். ஒர்க்‌ஷாப் பையன் தினமும் கேட்கிறான்.